நீரேற்று நிலைய டிரைவ்களைத் திறந்து போடாதீர்கள்

கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கு விவரக்குறிப்பு எழுதும் பொறியாளர்களுக்கும், அதற்கு ஒப்புதல் தரும் தொழில்நுட்பக் குழுவினருக்கும்,

நீரேற்று நிலையங்களுக்கான புதிய விவரக்குறிப்பில் மூன்று வரிகளை எங்களால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு பம்பின் வி.எஃப்.டி. டிரைவையும் (மோட்டாரின் வேகத்தை மாற்றி ஓட்டும் மின்னணுப் பெட்டி) கைபேசிச் செயலியிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் வேகம் மாற்றவும் பாராமீட்டர் திருத்தவும் முடிய வேண்டும் என்கிறது ஒரு வரி. பராமரிப்புக் காலமான 5 ஆண்டும் டிரைவ் வழங்கியவர் எந்நேரமும் தொலைவிலிருந்து உள்ளே நுழைய வசதி இருக்க வேண்டும் என்கிறது இன்னொரு வரி. எல்லா அளவுகளும் ஸ்காடா என்ற தொலைக் கண்காணிப்புக் கணினியின் திரையில் வந்துவிடுவதால் பேனல் கதவு மீட்டர்கள், மோட்டார் சூட்டைப் பார்க்கும் தனித் தெர்மிஸ்டர் ரிலே, சம்ப் (கீழ்த் தொட்டி) மட்டத்துக்கான மிதவை சுவிட்சின் நேரடிக் கம்பி ஆகியவற்றை விட்டுவிடலாம் என்கிறது மூன்றாவது. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வீர்கள். மூன்றும் ஒரே பேனலில் சேரும்போது முகம் தெரியாதவன் கையில் மோட்டார் போகிறது. நிலையத்தில் இருக்கும் ஆபரேட்டருக்கு அது தெரிய வழியும் இல்லாமல் போகிறது. ஒப்பந்தப்புள்ளி வெளியாவதற்கு முன்பே இதைச் சொல்லியாக வேண்டும். பேனல் கட்டி இறக்கிய பிறகு ஒரு ரிலே சேர்க்கவும் திருத்தாணை வேண்டியிருக்கும்.

நீரேற்று நிலையத்தின் 110 கிலோவாட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடியது. ஓவர்லோடு ரிலேயின் அளவை மாற்ற ஒருவர் நேரில் போய், பேனலைத் திறந்து, திருப்புளியால் டயலைத் திருப்ப வேண்டும். சுற்றும் திசையை மாற்ற இரண்டு கேபிளைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்ட வேண்டும். வேகத்தை மாற்ற வழியே கிடையாது. டிரைவ் வந்ததும் இவை எல்லாம் நினைவகத்தில் இருக்கும் எண்களாகிவிட்டன. 415 வோல்ட்டை வாங்கி நேர்மின்சாரமாக்கி, மறுபடி வேண்டிய அதிர்வெண்ணில் வெட்டிக் கொடுக்கும் அந்தப் பெட்டிக்குள் வேகம், திசை, மின்னோட்ட வரம்பு, நிறுத்தும் நேரம், மோட்டார் பாதுகாப்பு என்று எல்லாமே எண்கள்தான். மின்சாரம் மிச்சமாகிறது, குழாய்க்கும் மென்மையான தொடக்கம் கிடைக்கிறது. டிரைவ் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த எண்களை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதிகபட்ச அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்றிருப்பதை 60 ஆக்கினால் பம்ப் கேட்கும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: 1.2 மடங்கு வேகத்துக்கு 1.73 மடங்கு திறன். அதற்குள் டிரைவ் மின்னோட்ட வரம்பில் நின்றுகொள்ளும் என்பீர்கள். அந்த வரம்பும் ஒரு எண்தான். 110 கிலோவாட் மோட்டாரின் முழுச் சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 190 ஆம்பியர். அந்த எண்ணை வைத்துத்தான் மோட்டார் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று டிரைவ் கணக்குப் போடுகிறது. அதை 260 என்று மாற்றி வைத்தால் மோட்டார் வெந்துகொண்டிருக்கும்போதும் டிரைவின் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும். சுருளுக்குள் புதைத்த மூன்று தெர்மிஸ்டர்கள் மட்டும்தான் இந்தக் கணக்குக்கு வெளியே நின்று உண்மைச் சூட்டைச் சொல்பவை. குளிர்ந்த நிலையில் மூன்றும் சேர்ந்து சில நூறு ஓம் காட்டும்; எல்லையைத் தொட்டதும் சட்டென்று கிலோ ஓமுக்குத் தாவும். அதை ஒரு ரிலே பார்த்துக்கொண்டிருந்து, மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டர் சுவிட்சை விழவைத்து மோட்டாரை நிறுத்தும். அந்த ரிலேயைத்தான் தேவையில்லை என்று அடித்திருக்கிறீர்கள்.

ஆற்று நீரை எடுக்கும் இன்டேக் கிணறுகளில் நிற்பவை பெரும்பாலும் செங்குத்து டர்பைன் பம்புகள். மேலே மோட்டார், கீழே பல மீட்டர் ஆழத்தில் நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர், நடுவில் துண்டு துண்டாக லைன் ஷாஃப்ட். பல பம்புகளில் அந்தத் துண்டுகளை இணைப்பவை திருகு மரையுள்ள கப்ளிங்குகள். சரியான திசையில் ஓடினால் மரை இறுகும். மோட்டாரே தலைகீழாக ஓட்டினால் மரை கழன்று ஷாஃப்ட் மேலே தூக்கிக்கொள்ளும். மோட்டாரில் ராட்செட் இருந்தால் தப்பிக்கலாம். எல்லா மோட்டாரிலும் அது இருப்பதில்லை. தலைகீழ் ஓட்டத்துக்குத் தடை என்ற பாராமீட்டர் டிரைவில் உண்டு. அதுவும் தொலைவிலிருந்து மாற்றத்தக்கதாக இருந்தால் தடையாக நிற்காது.

உந்து குழாயைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. 12 கிலோமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்புக் குழாயில் அழுத்த அலை வினாடிக்கு சுமார் 1,100 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், போய்த் திரும்ப 22 வினாடி ஆகும். அதற்குள் நீரோட்டத்தை நிறுத்துவது திடீர் நிறுத்தத்துக்குச் சமம். வினாடிக்கு 1 மீட்டர் வேகம் ஒரேயடியாக அறுந்தால் 110 மீட்டருக்கு மேல் ஹெட் (நீர்மட்ட உயரமாகச் சொல்லும் அழுத்தம்) ஏறி இறங்கும். இதனால்தான் நிறுத்தும் நேரத்தை 60 அல்லது 90 வினாடி என்று வைக்கிறோம். மின்தடையால் வரும் ஒற்றை அதிர்ச்சிக்கு ஏர் வெசலும் (அதிர்ச்சியைத் தணிக்கும் காற்றுக் கலன்) வால்வுகளும் கணக்கிட்டே வைக்கப்பட்டிருக்கின்றன. ஏர் வெசல் தணிவதற்கு முன்னாலேயே மறுபடி தொடக்கம், மறுபடி நிறுத்தம் என்று மாற்றி மாற்றிக் கட்டளை வந்தால் அதற்கான கணக்கு எந்த வடிவமைப்பிலும் இல்லை. முதலில் மேட்டில் நீர்த்தம்பம் அறுந்து வெற்றிடமாகும்; திரும்பி வந்து மோதும்போது பலவீனமான இணைப்பு எதுவோ அது திறந்துகொள்ளும்.

இவை எல்லாம் சத்தம் போடும் கேடுகள். சத்தமே போடாத ஒன்றுதான் எங்களுக்கு அதிக அச்சம் தருகிறது.

50 ஹெர்ட்ஸில் ஒரு பம்பின் மூடிய வால்வு ஹெட் 100 மீட்டர் என்று கொள்ளுங்கள். தண்ணீர் ஏற வேண்டிய நிலை உயரம் 60 மீட்டர். ஹெட் வேகத்தின் வர்க்கத்தில் குறைவதால், 38.7 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தப் பம்பால் 60 மீட்டரைத் தொட முடியாது. 38 ஹெர்ட்ஸில், நீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வே திறக்காது. மோட்டார் ஓடும். பச்சை விளக்கு எரியும். திரையில் பம்ப் படம் சுழன்றுகொண்டிருக்கும். மின்னோட்டம் குறைவாக இருப்பதால் எந்த டிரிப்பும் வராது. ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே போகாமல், கேசிங்குக்குள் இருக்கும் அதே தண்ணீர் கடையப்பட்டுச் சூடேறிக்கொண்டிருக்கும். சீல் கெடும், கிளாண்ட் கருகும். மேல்நிலைத் தொட்டி காலியாகி ஊரிலிருந்து போன் வரும்போதுதான் நிலையத்தில் தெரியும். இத்தனைக்கும் குறைந்தபட்ச அதிர்வெண் என்ற ஒரே எண்ணை 40-லிருந்து கீழே இறக்கினால் போதும். நிலையத்துக்கு வெளியே போகும் குழாயில் தனி ஃப்ளோ மீட்டரும், ஓட்டம் இல்லை என்றால் நேரடியாக நிறுத்தும் சுவிட்சும் இருந்தால் இது சில நிமிடங்களில் பிடிபடும். டிரைவின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்ட ஓட்டத்தைத் திரையில் காட்டினால் போதும் என்று விடுவது ஏமாந்துபோகும் வழி.

வெளியே இருப்பவனால் இந்த எண்களைத் தொட முடியுமா என்று கேட்பீர்கள். டிரைவும், நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யும் பெரும்பாலும் மோட்பஸில் பேசுகின்றன. 1979-ல் வந்த நெறிமுறை. எளிமையானது, எங்கும் ஓடுவது, நாங்களே தினமும் பயன்படுத்துவது. கட்டளை அனுப்புவது யார் என்று கேட்கும் பழக்கம் அதற்கு இல்லை. 03 என்ற கட்டளை எண் வந்தால் ரெஜிஸ்டரை (எண் இருக்கும் நினைவக இடம்) படித்துச் சொல்லும். 06 அல்லது 16 என்று வந்தால் எழுதிக்கொள்ளும். கடவுச்சொல், கையொப்பம், மறைகுறியாக்கம் ஒன்றும் கிடையாது. இரண்டு கம்பி ஆர்.எஸ்.-485 கேபிள் பேனலுக்குள்ளேயே இருந்தவரை பேனல் பூட்டுதான் அதன் பாதுகாப்பு. அந்தக் கேபிளின் முனையில் ஒரு ஈதர்நெட் கேட்வேயும் 4ஜி மோடமும் வைத்த கணமே பூட்டு பேனலை விட்டுப் போய்விடுகிறது.

சைட்டுகளில் எங்கள் கண்ணில் படுவதையும் சொல்லிவிடுகிறோம். செயலி வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் பொது ஐ.பி. முகவரி உள்ள சிம் வாங்கி, மோட்பஸின் 502-ஆம் போர்ட்டை (வலைப்பின்னல் வாசல்) நேராக உள்ளே திருப்பி விட்டிருப்பார்கள். ஆபரேட்டர் திரையை அப்படியே காட்ட 5900-ஆம் போர்ட்டும் திறந்திருக்கும். மோடமின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியில் அச்சிட்டு வந்தது எதுவோ அதுவே. டிரைவின் பாராமீட்டர் பூட்டு நான்கு இலக்கம், அதுவும் தயாரிப்பாளரின் கையேட்டில் இருப்பது. ஒரு திட்டத்தின் எல்லா நிலையங்களுக்கும் ஒரே கடவுச்சொல். அது பேனல் கதவின் உட்புறம் ஸ்டிக்கரில் இருக்கும், வேலையை விட்டுப் போனவர்களும் இருக்கும் வாட்ஸாப் குழுவிலும் இருக்கும். புது டிரைவ்களின் கீபேடில் ப்ளூடூத் உண்டு. கமிஷனிங் (அமைத்து ஓட்டிக் காட்டும் வேலை) முடிந்த பிறகும் அதை யாரும் அணைப்பதில்லை. இணையத்தில் திறந்து கிடக்கும் இத்தகைய கருவிகளைத் தேடிப் பட்டியலிடும் தேடுபொறிகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. உங்கள் நீரேற்று நிலையத்தின் பெயர் தெரிந்து ஒருவன் வர வேண்டியதில்லை. போர்ட் திறந்திருக்கிறதா என்று தேடுபவனுக்கு அது தானாகவே அகப்படும்.

2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்ற ஊரின் குடிநீர் அமைப்பில் நடந்தது இதுவே. பக்கத்து ஊர்ப்பகுதிகளுக்கு அழுத்தம் கூட்டும் ஒரு பூஸ்டர் நிலையத்தின் யூனிட்ரானிக்ஸ் நிறுவனக் கட்டுப்பாட்டுக் கருவியை ஊடுருவியவர்கள் கைப்பற்றித் திரையில் தங்கள் வாசகத்தைப் போட்டார்கள். இணையத்துக்கு நேரடியாகத் திறந்த கருவி; அந்த வகைக்குத் தயாரிப்பாளர் தந்த கடவுச்சொல் 1111. ஊழியர்கள் தானியங்கியைத் துண்டித்துக் கையால் ஓட்டித் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். கையால் ஓட்ட அங்கே ஏற்பாடு இருந்தது. உங்கள் மூன்றாவது வரி அப்படியே நின்றால் நம் நிலையத்தில் அது இருக்காது.

2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மரூச்சியில் 142 கழிவுநீர் பம்ப் நிலையங்களை ரேடியோ வழியே கட்டுப்படுத்தினார்கள். அந்த அமைப்பைப் பொருத்திக் கொடுத்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், ஒரு மடிக்கணினியையும் ரேடியோவையும் காரில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கட்டளை அனுப்பினார். ஓட வேண்டிய பம்ப் ஓடவில்லை, வர வேண்டிய அலாரம் வரவில்லை. சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் கலந்தது. முதலில் எல்லாரும் அதைக் கருவிக் கோளாறு என்றே நினைத்தார்கள். டிரைவ் வழங்கியவருக்கு 5 ஆண்டு திறந்த வாசல் என்ற உங்கள் இரண்டாவது வரியைப் படித்ததும் எங்களுக்கு நினைவு வந்தது மரூச்சிதான். ஒரு நிறுவனத்தை நம்புவது ஒன்று. 5 ஆண்டில் அதில் சேர்ந்து விலகும் ஒவ்வொருவரையும் நம்புவது வேறு.

டிரைவை நேரடியாகக் குறிவைத்த தாக்குதலுக்கு 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலே சான்று. ஈரானின் நதன்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜ்களைச் சுழற்றிய அதிர்வெண் மாற்றிகளை, அதாவது டிரைவ்களை, அது தேடியது. பின்லாந்தின் வாக்கான், ஈரானின் ஃபராரோ பாயா என்ற இரண்டு தயாரிப்புகள், 807 முதல் 1,210 ஹெர்ட்ஸ் வரை ஓடுபவை மட்டும் அதன் இலக்கு. வேகத்தை 1,410 ஹெர்ட்ஸுக்கு ஏற்றும். பிறகு பல நாள் சும்மா இருக்கும். பிறகு 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கும். மறுபடி 1,064-க்குக் கொண்டுவந்துவிடும். பி.எல்.சி.யில் தான் சேர்த்த நிரல் பொறியாளரின் மென்பொருளில் தெரியாதபடி மறைத்தும் வைத்தது. அந்த வலைப்பின்னலுக்கும் இணையத்துக்கும் தொடர்பே இல்லை; பென்டிரைவ் வழியாகவும் பரவும்படி அது எழுதப்பட்டிருந்தது. நம் குடிநீருக்கு அவ்வளவு பெரிய எதிரி வருவானா என்பது வேறு பேச்சு. கட்டளை எந்த வழியே போகிறதோ அதே வழியே வரும் அளவை மட்டும் நம்பி எந்த மோட்டாரையும் காக்க முடியாது என்பது அதிலிருந்து நமக்கு நேராகப் பொருந்துவது. பேனல் கதவில் இருக்கும் ஒரு அம்மீட்டர், தன் சொந்த மின்னோட்ட மாற்றியிலிருந்து இரண்டு கம்பியில் ஊசியை நகர்த்துகிறது. அதைப் பொய் சொல்ல வைக்க ஒருவன் நேரில் வந்தாக வேண்டும்.

உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று மின் துணைநிலையங்களைத் தாக்கியவர்கள் சீரியல்-ஈதர்நெட் மாற்றிகளின் ஃபர்ம்வேரையே (உள் மென்பொருள்) அழித்துவிட்டுப் போனார்கள். நம் பேனலில் டிரைவுக்கும் மோடமுக்கும் நடுவில் இருப்பதும் அதே வகைப் பெட்டிதான். தொலைவிலிருந்து சரிசெய்ய வழியில்லாமல் ஊழியர்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கர்களைப் போட்டுத்தான் மின்சாரத்தை மீட்டார்கள்.

இங்கே தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒகேனக்கல் நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் போவது அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால். காவிரி நீர் ராமநாதபுரம் வரை போவது அங்கே கிணற்று நீர் உப்பு என்பதால். உந்து குழாய் ஒரு வாரம் நின்றால் மக்கள் திரும்பிப் போவது அந்த நிலத்தடித் தண்ணீருக்குத்தான்.

செய்ய வேண்டியவை விலை உயர்ந்தவை அல்ல. ஒரு பேனலின் மொத்த விலையில் தெர்மிஸ்டர் ரிலேயும் மிதவை சுவிட்சும் சாவி சுவிட்சும் கணக்கில் தெரியாத தொகை.

கண்காணிப்புக்கு வேகம், மின்னோட்டம், ஓடுகிறதா, பழுதா என்ற நான்கு செய்திகளே பெரும்பாலான நிலையங்களுக்குப் போதும். டிரைவின் இரண்டு 4–20 மில்லி ஆம்பியர் வெளியீடுகளும் இரண்டு ரிலே வெளியீடுகளும் அதைத் தந்துவிடும். அந்தக் கம்பிகள் வழியே உள்ளே கட்டளை அனுப்ப உலகில் யாராலும் முடியாது. கிலோவாட் மணி, பழுது எண் போன்ற கூடுதல் விவரம் வேண்டுமென்றால் மோட்பஸ் இருக்கட்டும். நடுவில் ஒரு தொழிற்சாலை ஃபயர்வாலை வைத்து 03, 04 என்ற படிக்கும் கட்டளைகளை மட்டும் கடக்க விடுங்கள். எழுதும் கட்டளை 06, 16 மட்டும் அல்ல; 05, 15, 22, 23 ஆகியவையும் எழுதும். ஆகவே தடுக்க வேண்டியதைப் பட்டியல் போடாமல், அனுமதிப்பதை மட்டும் பட்டியல் போட்டு மற்ற அனைத்தையும் அடைக்க வேண்டும். வெளியே போகும் தரவு நிலையத்திலிருந்து தானே கிளம்பி மறைகுறியாக்கத்துடன் மையத்துக்குப் போக வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வர எந்தப் போர்ட்டும் திறந்திருக்கக் கூடாது. சிம் தனி ஏ.பி.என். (பொது இணையத்தில் சேராத தனி வழி) உடையதாக இருக்க வேண்டும்.

தொலைவிலிருந்து ஓட்டி நிறுத்தியே ஆக வேண்டிய நிலையங்களும் உண்டு என்பதை ஏற்கிறோம். அங்கே கட்டளை பி.எல்.சி.க்குப் போகட்டும், பி.எல்.சி. தன் ரிலே வழியாகவும் 4–20 மில்லி ஆம்பியர் வழியாகவும் டிரைவின் டெர்மினலுக்குச் சொல்லட்டும். டிரைவில் கட்டளை மூலம் டெர்மினல் என்று பூட்டப்பட்டிருந்தால், 4 மில்லி ஆம்பியர் 40 ஹெர்ட்ஸ், 20 மில்லி ஆம்பியர் 50 ஹெர்ட்ஸ் என்ற எல்லைக்குள்தான் யார் என்ன அனுப்பினாலும் மோட்டார் ஓடும். மணிக்கு எத்தனை தொடக்கம் என்ற வரம்பைப் பி.எல்.சி. நிரலில் மட்டும் விடாமல் பேனலில் தனி டைமர் ரிலேயாகவும் வையுங்கள். பி.எல்.சி.யில் சாவி இருந்தால் அது இயங்கு நிலையில் இருக்க வேண்டும், சாவி செயற்பொறியாளரிடம் இருக்க வேண்டும். 2017-ல் சவுதி அரேபிய ஆலை ஒன்றின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் ட்ரைட்டான் என்ற தீநிரல் நுழைந்தது, சாவியை நிரல் எழுதும் நிலையிலேயே விட்டிருந்ததால்.

பேனலின் லோக்கல்-ரிமோட் சுவிட்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைபடத்தில் இது கண்ணில் படாது. இப்போது பல பேனல்களில் அந்த சுவிட்ச் பி.எல்.சி.க்கு ஒரு டிஜிட்டல் இன்புட்டாக மட்டும் போகிறது. லோக்கலில் திருப்பினாலும் உண்மையில் முடிவெடுப்பது மென்பொருள்தான். லோக்கலுக்குத் திருப்பியதும் பி.எல்.சி.யின் கட்டளைக் கம்பி உடல்ரீதியாகவே துண்டாக வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானும் அப்படியே: டிரைவின் முறுக்குவிசைத் துண்டிப்பு டெர்மினலின் 24 வோல்ட்டை இரண்டு வழியிலும் அறுத்து, உள்ளீட்டு கான்டாக்டரையும் விழவைக்க வேண்டும். அதனால் குழாயில் வருவது மின்தடை அதிர்ச்சிதான். அதற்குக் குழாய் ஆயத்தமாகவே இருக்கிறது.

தொடர்பு அறுந்தால் டிரைவ் என்ன செய்ய வேண்டும் என்ற பாராமீட்டர், பல டிரைவ்களில் ஒன்றும் செய்யாதே என்ற ஃபேக்டரி செட்டிங்கிலேயே கிடக்கிறது. வலைப்பின்னல் வழியே வேகம் வாங்கும் டிரைவ் கடைசியாக வந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 10 வினாடி தொடர்பு இல்லை என்றால் அலாரம் கொடுத்து, முன்பே வகுத்த பாதுகாப்பான வேகத்துக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள்.

பராமரிப்பாளர் நுழைவதற்கு மோடமின் 24 வோல்ட் கம்பியில் ஒரு சாவி சுவிட்சும் 2 மணி நேர டைமர் ரிலேயும் போதும். அவர் போன் செய்ய வேண்டும், ஆபரேட்டர் பதிவேட்டில் எழுதிவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும், 2 மணி நேரத்தில் அது தானே அணைய வேண்டும். கண்காணிப்புத் தரவு போகும் மோடம் வேறு, இது வேறு.

ஏதோ தவறு என்று சந்தேகம் வந்தால் ஆபரேட்டர் செய்ய வேண்டியதும் ஒரு தாளில் பேனலில் இருக்க வேண்டும்: லோக்கலுக்குத் திருப்பு, மோடம் கேபிளைப் பிடுங்கு, கதவு மீட்டரையும் பிரஷர் கேஜையும் பார்த்து ஓட்டு, பாராமீட்டரை யாரும் உடனே பழையபடி ஆக்க வேண்டாம். மாற்றப்பட்ட எண்களை முதலில் காப்பி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன நடந்தது என்பதற்கான தடயம் போய்விடும். டிரைவ் தன் நினைவில் வைப்பது கடைசிச் சில பழுதுகளை மட்டும்தான். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி ஸ்காடா மீதான தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பதிவே எடுக்காத பேனலை வாங்கிவிட்டு இந்த ஆணையை எப்படி நிறைவேற்றப் போகிறீர்கள்?

உங்களிடம் நாங்கள் கேட்பவை:

செயலியிலிருந்து பாராமீட்டர் திருத்தும் வசதி என்ற சொற்களை விவரக்குறிப்பிலிருந்து முற்றாக நீக்குங்கள். தொலை இயக்கத்தை எல்லா நிலையங்களுக்கும் பொதுவாகக் கேட்காமல், எந்த நிலையத்துக்கு ஏன் தேவை என்று எழுத்தில் காரணம் காட்டிய இடங்களுக்கு மட்டும் அனுமதியுங்கள். மற்ற இடங்களில் படிக்க மட்டும்.

5 ஆண்டு நிரந்தர நுழைவு என்பதை, சாவியும் டைமரும் பதிவேடும் கொண்ட நேர வரம்புள்ள நுழைவு என்று மாற்றுங்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லாக் கடவுச்சொற்களும் மாற்றப்பட்டு உறையிட்டு உங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். நிலையத்துக்கு நிலையம் கடவுச்சொல் வேறாக இருக்க வேண்டும்.

நீக்கிய தெர்மிஸ்டர் ரிலே, சம்ப் மிதவை, கதவின் அம்மீட்டர், வோல்ட்மீட்டர் அத்தனையையும் திரும்பச் சேருங்கள்; ஓட்ட சுவிட்சையும் பிரஷர் கேஜையும் கூடவே சேருங்கள். இவற்றில் ரிலேயும் மிதவையும் ஓட்ட சுவிட்சும் பி.எல்.சி. வழியாக அல்லாமல் நேரடியாக கான்டாக்டரை விழவைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62443 என்ற பன்னாட்டுத் தரநிலைத் தொடரில் எந்தப் பாதுகாப்பு நிலை வேண்டும் என்பதைக் குறிப்பிட்டு, அதற்கான சான்றைப் பேனல் வழங்குபவரிடம் கேளுங்கள். பெயரை மட்டும் எழுதிவிட்டால் எல்லாரும் ஆம் என்று டிக் அடித்துவிடுவார்கள்.

பணி ஏற்பில் நான்கு சோதனைகளைச் சேருங்கள். ஒரு பம்புக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. மோடம் பக்கத்தில் மடிக்கணினியைச் செருகி 60 ஹெர்ட்ஸ் எழுதிப் பாருங்கள். டிரைவ் அசையக் கூடாது. ஓடும்போது தொடர்புக் கேபிளைப் பிடுங்குங்கள். 10 வினாடியில் அலாரம் வர வேண்டும். பி.எல்.சி.யை அணைத்துவிட்டு, லோக்கலில் ஓட்டி, மிதவையைக் கையால் சம்ப் காலியான நிலைக்குக் கொண்டுபோங்கள். மோட்டார் நிற்க வேண்டும். தெர்மிஸ்டர் கம்பி ஒன்றைக் கழற்றுங்கள். டிரிப் ஆக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் இறுதிப் பட்டியல் தொகையை நிறுத்தி வையுங்கள்.

ஒவ்வொரு டிரைவின் முழுப் பாராமீட்டர் பட்டியலையும் கமிஷனிங் நாளில் கையொப்பத்துடன் அச்சிட்டு வாங்குங்கள். இரண்டு பென்டிரைவில் வலைப்பின்னலில் சேராமல் வையுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை டிரைவிலிருந்து மறுபடி எடுத்து ஒப்பிட உதவிப் பொறியாளருக்கு ஆணையிடுங்கள். நேரம் இல்லாவிட்டால் குறைந்தது இவற்றை: அதிகபட்ச, குறைந்தபட்ச அதிர்வெண், ஏற்ற இறக்க நேரம், மோட்டார் மின்னோட்டம், மின்னோட்ட வரம்பு, தலைகீழ்த் தடை, கட்டளை மூலம், தொடர்பு அறுந்தால் செய்வது, தவிர்க்க வேண்டிய அதிர்வு வேகங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களில் பொது ஐ.பி. சிம் எத்தனை, திறந்த போர்ட் எத்தனை என்று இந்த மாதமே கணக்கெடுத்து, திறந்திருப்பவற்றை உடனே அடையுங்கள். இதற்குப் புது ஒப்பந்தம் தேவையில்லை. மோடமின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து போர்ட் திருப்பலை அணைத்தால் போதும். செயலி சில நாள் வேலை செய்யாமல் போகலாம். பம்ப் ஓடும்.

திருத்திய விவரக்குறிப்பின் வரைவை ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புக்கு முன் 15 நாள் பொதுக் கருத்துக்கு வையுங்கள். வரைபடத்தோடு வந்து உட்கார்ந்து டெர்மினல் டெர்மினலாகப் பார்க்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பேனல் கட்டுபவர்களும், டிரைவ் கமிஷனிங் செய்பவர்களும், நீரேற்று நிலையப் பராமரிப்புப் பணியாளர்களும்